கட்டாய ஹலால், விருப்ப ஹலால்: இந்தோனேசியாவும் மலேசியாவும்

உணவுப் பொருளுக்கு ஹலால் சான்றிதழைக் கட்டாயமாக்குவதா, வேண்டியவர் பெற்றுக்கொள்ளட்டும் என்று விடுவதா என்ற கேள்விக்கு, அண்டை நாடுகளான இந்தோனேசியாவும் மலேசியாவும் எதிரெதிரான விடைகளைத் தந்திருக்கின்றன.

மலேசியாவில் சான்றிதழ் பெறுவது வணிகரின் விருப்பம். பன்றி இறைச்சியும் மதுவும் விற்காத உணவகங்களுக்கு அதைக் கட்டாயமாக்கலாம் என்று 2024-இல் எழுந்த யோசனை எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகள் பல, முதலாளி முஸ்லிம் என்ற நம்பிக்கையிலேயே சான்றிதழின்றி ஓடுவதற்கும் இந்த முறைதான் இடம் தருகிறது. ஆனால் விண்ணப்பித்துவிட்டால் பிடி இறுகிவிடும். ஜாக்கிம் எனப்படும் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையும் மாநில இஸ்லாமிய சமய மன்றங்களும் தவிர வேறு எவரும் உள்நாட்டில் சான்று வழங்க முடியாது. நடுத்தர, பெரிய நிறுவனங்கள் ஹலால் நிர்வாகி ஒருவரை நியமித்து, உள்குழுவும் அமைக்க வேண்டும்.

இந்தோனேசியாவோ 2014-இல் சட்டம் இயற்றி, 2024 அக்டோபர் 18 முதல் நடுத்தர, பெரிய உணவு நிறுவனங்களுக்குச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. குறு, சிறு தொழில்களுக்கு 2026 அக்டோபர் வரை அவகாசம் உண்டு. பன்றிப் பொருள் விற்கத் தடையில்லை, ஹலால் அல்ல என்று வெளிப்படையாக எழுதினால் போதும். உறையைப் புரட்டும் வாடிக்கையாளருக்கு இதைவிட நேர்மையான ஏற்பாடு இல்லை என்பேன்.

சிக்கல் சான்றிதழின் ஆயுளில் இருக்கிறது. முன்பு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது, இப்போது மூலப்பொருளோ தயாரிப்பு முறையோ மாறாதவரை செல்லும். மாறியதை யார் சொல்வது? 2001-இல் அங்கே வெடித்த அஜினோமோட்டோ விவகாரமே இதில்தான் தொடங்கியது. சுவையூட்டி உப்பில் பன்றிப் பொருள் எதுவும் கலக்கப்படவில்லை. அதைத் தயாரிக்க உதவும் நுண்ணுயிருக்கான ஊட்டப்பொருள் மாற்றப்பட்டிருந்தது, அந்தப் புதிய ஊட்டப்பொருளை உருவாக்கப் பன்றியிலிருந்து எடுத்த நொதி பயன்பட்டிருந்தது. மார்க்க அறிஞர்களின் அமைப்பான உலமா மன்றம் ஹராம், அதாவது விலக்கப்பட்டது, என்றது; அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் ஹலால் என்றார்.

உறைப் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாத இத்தகைய மாற்றத்தை, ஆலைக்குள் அதையே வேலையாகக் கொண்ட ஒருவர் இருந்தால் கவனிக்க வாய்ப்புண்டு. இந்தோனேசியச் சட்டமும் ஹலால் மேற்பார்வையாளர் ஒருவரைக் கேட்கிறது; ஆனால் மலேசியாவில் சான்றிதழைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும் என்பதால், இந்த ஓர் அம்சத்தில் மலேசிய முறையே எனக்கு உறுதியாகப் படுகிறது. 2025 ஏப்ரலில் இந்தோனேசிய அரசு பன்றிக் கூறு இருப்பதாக அறிவித்த ஒன்பது உணவுப் பொருட்களில் ஏழு, ஹலால் சான்றிதழ் பெற்றவை.