சீன சப்ளையருக்குப் பணம் அனுப்புவது: ஒரு சிறு கடைக்காரரின் அனுபவம்

திருப்பூரில் எம்பிராய்டரி மெஷின் ஸ்பேர்ஸ் விற்கிறேன். சரக்கில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. புதிதாக இறக்குமதிக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "பணம் அனுப்ப எதுங்க சீப்?" என்றுதான். நான் முதலில் பார்ப்பது, நான் சரக்கு வாங்கப்போகும் சப்ளையரை எனக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்பதை.

புது ஆள், சாம்பிள் சரக்கு என்றால் கிரெடிட் கார்டுதான். அலிபாபாவின் டிரேட் அஷ்யூரன்ஸ் (வாங்குபவரின் பணத்துக்குப் பாதுகாப்பு தரும் திட்டம்) வழியாகவோ பேபால் வழியாகவோ கட்டுவேன். பேபாலில் 180 நாட்களுக்குள் புகார் எழுப்பலாம். ஒருமுறை ரோட்டரி ஹூக் என்ற மெஷின் பாகம் வேறு மாடலில் வந்துவிட்டது. போட்டோவும் இன்வாய்ஸும் போட்டு முழுப் பணத்தையும் திரும்ப வாங்கினேன். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை முன்கூட்டியே வங்கி ஆப்பில் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் பேமெண்ட் போகாது.

கார்டுக்கு விலை உண்டு. பல கார்டுகளில் 3.5 சதவீதம் மார்க்கப் (வெளிநாட்டுப் பணத்தில் கட்டுவதற்கான கூடுதல் கட்டணம்), அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 4.13 சதவீதம். 300 டாலர் சாம்பிளுக்குப் பன்னிரண்டு டாலர் சொச்சம், போகட்டும். 5,000 டாலர் ஆர்டருக்கு 206 டாலர் போய்விடும். பேபால் என்றால் விற்பவரும் தன் பங்குக் கட்டணத்தை நம் தலையில் கட்டப் பார்ப்பார்.

அதனால் ஆள் பழகிவிட்டால் வங்கி வழி டீடீ (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர், அதாவது வங்கியிலிருந்து நேரே அவர் கணக்குக்கு அனுப்புவது). 30 சதவீதம் அட்வான்ஸ், மீதிப் பணம் சரக்கு கிளம்பும் முன். இதற்கு ஐஈசி (இறக்குமதி, ஏற்றுமதி செய்வோருக்கான அடையாள எண்) வேண்டும். டிஜிஎஃப்டி (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் துறை) தளத்தில் 500 ரூபாய்தான். ப்ரொஃபார்மா இன்வாய்ஸோடு (சப்ளையர் முன்கூட்டியே தரும் பில்) வங்கிக்குப் போனால், அட்வான்ஸ் என்றால் எஸ்0101, சரக்கு வந்தபின் கட்டுவது என்றால் எஸ்0102 என்ற பர்பஸ் கோடில் (பணம் எதற்காகப் போகிறது என்று சொல்லும் குறியீடு) அனுப்புவார்கள்.

வங்கிக் கமிஷனைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்பட வேண்டாம். செலாவணி மாற்றுக்கான ஜிஎஸ்டியும் ஒரு லட்சம் ரூபாய்க்கு 180 ரூபாய்தான். கை கடிப்பது டாலர் ரேட்டில். கிளையில் சொல்லும் முதல் ரேட்டை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. அன்றைய மார்க்கெட் ரேட்டை மொபைலில் காட்டி, ஃபாரக்ஸ் டெஸ்கிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்பேன். டாலருக்கு ஐம்பது பைசா குறைந்தாலும் 5,000 டாலருக்கு 2,500 ரூபாய் மிச்சம். பேரம் பேசாமல் காய்கறிகூட வாங்காத நம் ஆட்கள் வங்கிக்குள் போனதும் ஏனோ வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, கட்டணத்தில் 'ஓயூஆர்' கேளுங்கள், அதாவது வழியில் வரும் வங்கிகளின் செலவும் நம்முடையது. 'எஸ்ஹெச்ஏ' (செலவை இருவரும் பகிர்வது) என்று போட்டால் அங்கே இருபது, முப்பது டாலர் குறைவாகப் போய்ச் சேரும். சப்ளையர் சரக்கை நிறுத்திவைத்துக்கொண்டு பாக்கி கேட்பார். அனுப்பியதும் வங்கியிடம் ஸ்விஃப்ட் காப்பி (பணம் அனுப்பியதற்கான ஆதாரம்) வாங்கிச் சப்ளையருக்கு அனுப்பிவிடுவேன். அதன்பிறகு நான் பணம் அனுப்பவே இல்லை என்று அவரால் சொல்ல முடியாது, எங்கே நிற்கிறது என்று தேடத்தான் வேண்டும்.

டீடீயில் போன பணத்தைத் திரும்பப் பெறுவது ஏறக்குறைய நடக்காத காரியம். அதனால் "எங்கள் அக்கவுண்ட் ஆடிட்டில் இருக்கிறது, இந்தப் புது அக்கவுண்டில் போடுங்கள்" என்று மெயில் வந்தால் நான் அசையவே மாட்டேன். மோசடிக்காரர்கள் சப்ளையரின் மெயிலை ஹேக் செய்து, பழைய இன்வாய்ஸ் மாதிரியே தயாரித்து அனுப்புவார்கள். நேரே வீடியோ காலில் கூப்பிட்டு, தெரிந்த முகம் சொன்னால்தான் நம்புவேன். சீனர்கள் பேசப் பயன்படுத்தும் விசாட் ஆப் 2020இலிருந்து இங்கே தடை என்பதால் எல்லாம் வாட்ஸ்ஆப்பில்தான்.

சரக்கு வந்தபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அனுப்பிய தொகைக்கு பில் ஆஃப் என்ட்ரி (சரக்கு வந்ததற்கான சுங்கப் பத்திரம்) காட்டி, வங்கியில் ஐடிபிஎம்எஸ் (இறக்குமதிக்குப் போன பணத்தைக் கண்காணிக்கும் முறை) கணக்கை முடிக்க வேண்டும். கூரியரில் வரும் சரக்கில்தான் இது இழுக்கும். என் கூரியர்காரர்கள் கேட்காமல் அந்தப் பேப்பரைக் கொடுத்ததே இல்லை. பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கும் அன்றே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த அட்வான்ஸுக்குப் போய் நிற்கும்போது, "பழசு ஓபனில் இருக்குங்க, அதை முடிச்சுட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.