எலக்ட்ரான் அமைப்பு எழுத: அம்புக்குறிப் படமா, தனிம வரிசை அட்டவணையா?

ஓர் அணுவின் எலக்ட்ரான்கள் எந்தெந்த ஆர்பிட்டாலில் (எலக்ட்ரான் இருக்கக்கூடிய இடம்) எத்தனை என்று எழுதுவதுதான் எலக்ட்ரான் அமைப்பு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளின் நோட்டுகளில் நான் அதிகம் பார்ப்பது ஆர்பிட்டால்கள் நிரம்பும் வரிசையைக் காட்டும் சாய்ந்த அம்புக்குறிப் படத்தைத்தான். அதன் அடிப்படை எளிது. முதன்மைக் குவாண்டம் எண்ணையும் கோண உந்தக் குவாண்டம் எண்ணையும் கூட்டினால் எந்த ஆர்பிட்டாலுக்குக் குறைவாக வருகிறதோ, அது முதலில் நிரம்பும். ஆர்பிட்டால் பெயரின் முன்னால் உள்ள எண்தான் முதன்மை எண்; கோண உந்த எண் எஸ்-க்கு 0, டி-க்கு 2. ஆக, 4எஸ்-க்கு 4+0=4, 3டி-க்கு 3+2=5. பொட்டாசியத்தின் 19ஆவது எலக்ட்ரான் 4எஸ்-க்குப் போவது இப்படித்தான்.

அட்டவணைக்கு அந்தக் கணக்கே வேண்டாம். நான்காம் வரிசையை இடமிருந்து வலமாகப் படியுங்கள்: 4எஸ், 3டி, 4பி. என் ஓட்டு இதற்கே. ஒரு தனிமம் ஏன் அந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும். படத்தில் அது கிடைக்காது.

சரி, குரோமியம், காப்பர்? இரண்டு வழியுமே கைவிடும். 3டி⁵ 4எஸ்¹, 3டி¹⁰ 4எஸ்¹ (மேலே உள்ள சிறிய எண் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை) என்று தனியாக நினைவில் வைக்க வேண்டியதுதான். அப்புறம், அயனி, அதாவது எலக்ட்ரானை இழந்த அல்லது பெற்ற அணு. இரும்பு இரண்டு எலக்ட்ரான்களை இழக்கும்போது முதலில் போவது 4எஸ்-இல் உள்ளவை. 3டி-யில் 6 அப்படியே இருக்கும். கடைசியாக நிரம்பியது 3டி என்று அதில் கழித்துவிடாதீர்கள்.