பழைய ஃபைன்வெர்க்பௌ 300எஸ் ஏர் ரைஃபிள்: ஒரு டர்னரின் ஓராண்டு அனுபவம்

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் இருபத்தேழு ஆண்டுகளாக டர்னராக வேலை செய்கிறேன். சொந்த ஊர் ஆம்பூர். 2008 ஆகஸ்டில் அபினவ் பிந்த்ரா பெய்ஜிங்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் தங்கம் வென்றதைத் தேநீர்க் கடைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது பிறந்த ஆசை இது. வீட்டுக் கடன் அடைந்த பிறகு, சென்ற ஆண்டுதான் கைகூடியது. ஜெர்மனியின் ஓபெர்ன்டோர்ஃப் ஊரில் செய்யப்பட்ட ஃபைன்வெர்க்பௌ 300எஸ் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஞாயிறுதோறும் ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் பயிற்சிக் களத்துக்கு) போய் ஓராண்டு சுட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

டெக்சாஸில் இருக்கும் அக்காள் மகன் 9 மி.மீ. கார்பைன் வைத்திருக்கிறான். கைத்துப்பாக்கித் தோட்டாவை நீளமான குழலில் சுடும் வகை அது. உதைப்பு குறைவு, தோட்டாவும் மலிவு என்று வீடியோ அழைப்பில் காட்டினான். "மாமா, நீங்களும் ஒன்று வாங்கலாமே" என்றான். நம் நாட்டில் 9 மி.மீ. தடை செய்யப்பட்ட வகை. பொழுதுபோக்குக்குச் சுடும் என்னைப் போன்றவனுக்கு அதற்கு உரிமம் கிடைக்காது. ஆனால் 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குக் குறைவான ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. 300எஸ் அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கிறது. அவன் சொன்னதில் ஒன்றை மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டேன்: கார்பைனை வாங்கியதும் அவன் முதலில் செய்தது, தோளில் பதியும் பின்பகுதியான 'பட்'டின் நீளத்தைத் தன் கைக்கு ஏற்ப மாற்றியதுதான்.

இப்போது போட்டிகளில் சுடுபவர்கள் எல்லோரும் அழுத்தக் காற்று ரைஃபிளுக்கு மாறிவிட்டார்கள். நானும் முதலில் அதைத்தான் தேடினேன். அதில் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பும் சிலிண்டர் உண்டு. அதன் மேல் தேதி பொறித்திருக்கும். பத்து ஆண்டுகளுக்கு மேல் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். நான் பார்த்த இரண்டு பழைய ரைஃபிள்களிலும் தேதி கடந்திருந்தது. விற்பவர்கள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நெஞ்சுக்கு அருகில் அத்தனை அழுத்தத்தை வைத்துக்கொண்டு நிற்கப்போகிறவன் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தேதியைத்தான்.

300எஸ்ஸுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பக்கவாட்டு நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் ஸ்பிரிங் ஏறிவிடும். இந்த இயந்திர அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வாங்கியதன் காரணமே அதுதான். சாதாரண ஸ்பிரிங் ரைஃபிளில் காற்றை அழுத்தும் பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி முழுவதும் குலுங்கும். இதில் ஸ்பிரிங்கும் குழலும் அடங்கிய மேல்பகுதி முழுவதும் தண்டவாளம் போன்ற தடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சுடும் நொடியில் அது மட்டும் சில மில்லிமீட்டர் பின்னால் நழுவும். பிடித்துச் சுடும் மரக்கட்டையும் கன்னமும் தோளும் அசைவதில்லை. உள்ளே ஒன்றுக்குப் பதில் இரண்டு ஸ்பிரிங்குகள், ஒன்று வலம்புரி, மற்றது இடம்புரி. ஒன்றின் முறுக்கத்தை மற்றது தின்றுவிடுகிறது. பிஸ்டனில் தோல் வாஷர் கிடையாது. மோட்டார் எஞ்சினில் இருப்பதுபோல உலோக வளையம். பெரியவர் ஒருவர் இதைப் பிரித்து மேசையில் பரப்பியபோது, அரைத்து முடித்த அந்தப் பரப்புகளில் விரலை ஓட்டிப் பார்த்தேன். இருபத்தேழு ஆண்டு லேத்தில் நின்றவன் சொல்கிறேன்: இப்படி ஒரு வேலையைக் கையில் தொட்டு நெடுநாள் ஆகிறது.

அந்தப் பெரியவரிடம் போக நேர்ந்ததற்குக் காரணம் விற்றவர். "சர்வீஸ் செய்தது, அப்படியே சுடலாம்" என்று சொல்லி 62,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். முதல் ஞாயிறே பெல்லட்டுகள் (சிறு ஈயக் குண்டுகள்) இலக்கின் அடியில் சிதறி விழுந்தன. ரேஞ்சில் துப்பாக்கி பழுது பார்க்கும் அந்தத் திருப்பத்தூர்ப் பெரியவர் நெம்புகோலை இழுத்து, குழலின் பின்முனையில் டார்ச் அடித்துக் காட்டினார். காற்றடைக்கும் வளையம் வயதாகி, நனைந்த பிஸ்கட் போல உதிர்ந்திருந்தது. "தம்பி, இரும்புக்கு ஒரு குறையும் இல்லை. சர்வீஸ் என்று சொன்னாரே, அவர் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை" என்றார். புது வளையங்கள் வந்து சேர ஐந்து வாரம் ஆனது. விற்றவரை அழைத்தேன், எடுக்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பழையது வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் பத்து மீட்டரில் பத்துக் குண்டாவது சுட்டுப் பாருங்கள். பில்லையும் கேட்டு வாங்குங்கள். துப்பாக்கிப் பெட்டியோடு ஸ்கூட்டரில் போகும்போது நான் அதை எப்போதும் உடன் வைத்திருக்கிறேன்.

அடுத்தது கட்டையை உடம்புக்குப் பொருத்துவது. எனக்குக் கழுத்து நீளம். கன்னத்தைக் கட்டையில் வைத்தால் கண், குறிபார்க்கும் பின் துளைக்குக் கீழே நின்றது. தலையைத் தூக்கித் தூக்கிச் சுட்டதில் நாற்பது குண்டுக்குள் பிடரி வலித்தது. அந்த வால்நட் கட்டையில் துளை போட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மி.மீ. கார்க் தகடுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, மேலே ஆம்பூரிலிருந்து மைத்துனர் அனுப்பிய மெல்லிய ஆட்டுத் தோலைச் சுற்றி, வாரால் கட்டினேன். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரே சோதனைதான்: கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைத்து, கன்னத்தை அதன் போக்கில் இறக்கி, பிறகு கண்ணைத் திறப்பது. குழல் முனையில் குறிபார்க்க இருக்கும் முன் வளையம் பின் துளையின் நடுவில் தானாக நிற்க வேண்டும். எட்டு மி.மீ. உயரத்தில் நின்றது. பட் பிளேட்டின் பின்னால் ஆறு மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றை நானே மில்லிங் செய்து சேர்த்தேன். இவ்வளவுக்கும் ஆன செலவு நானூறு ரூபாய்கூட இல்லை. பத்துக் குண்டுக்கு, நூற்றுக்கு 76, 78 என்று நின்ற என் எண்ணிக்கை அந்த மாதமே 84-ஐத் தொட்டது.

ட்ரிகரை நான் தொடவில்லை. வந்தபடியே மிக மெல்லியது. அதை இன்னும் குறைக்க நினைப்பது ஆபத்து.

பெல்லட் விஷயத்தில் அவசரப்படக் கூடாது. தாளைத் துளைக்கத் தட்டைத் தலை பெல்லட்தான் வேண்டும். வட்டமாக, சுத்தமாக வெட்டும். தலை விட்டம் 4.49, 4.50, 4.51 என்று டப்பியில் போட்டிருப்பார்கள். நூறில் ஒரு மில்லிமீட்டருக்கு என்ன வித்தியாசம் வரப்போகிறது என்று சிரிப்பவர்கள் உண்டு. எங்கள் தொழிலில் அந்த நூறில் ஒன்றுக்காகத்தான் ஒரு ஷாஃப்ட் தள்ளுபடியாகிறது. ரைஃபிளை மணல்பையில் சாய்த்து, ஐந்து டப்பிகளிலிருந்தும் ஐந்தைந்து குண்டு சுட்டு, துளைகளின் பரவலை வெர்னியரால் அளந்தேன். 4.50 அளவுள்ள, விலையில் நடுத்தரமான ஒன்றுதான் மிக நெருங்கி விழுந்தது. இருப்பதிலேயே விலை உயர்ந்த டப்பி மூன்றாம் இடம். என் குழலுக்கு இது. உங்கள் குழலுக்கு வேறாக இருக்கும். அளந்துதான் பார்க்க வேண்டும்.

இலக்கில் பத்து என்பது வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட்டோ 4.5 மி.மீ. அந்தப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது, 30.5 மி.மீ. கறுப்பு வட்டத்தை முன் வளையத்தின் நடுவில் நிறுத்துவதுதான் குறி. ஐம்பது கடந்த என் கண்ணுக்குச் சிறிய வளையம் ஒத்துவரவில்லை. கறுப்பும் வளையமும் ஒட்டிக்கொண்டு ஒரே கலங்கலாகத் தெரிந்தன. பெரிய வளையத்துக்கு மாறிய பின் சுற்றிலும் வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரிகிறது. என் வயதுக்காரர்கள் புதிய ரைஃபிளுக்குப் பணம் சேர்க்கும் முன் இந்த முன் வளையத்தை மாற்றிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு இதை வாங்காதீர்கள். ஐந்து கிலோவுக்குச் சற்றே குறைவு. பதினான்கு வயது மகள் ஆசையாகத் தூக்கினாள். மூன்றாவது குண்டிலேயே முதுகை வில்லாக வளைத்துவிட்டாள். அவளுக்கு ரேஞ்சிலேயே இலேசான ரைஃபிள் கொடுக்கிறார்கள். இன்னொன்று: பெல்லட் நுழைக்கும்போது ஒரு கை நெம்புகோலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். உள்ளே தடுப்புப் பல் இருக்கிறதுதான். ஆனாலும் விரலை அதன் நம்பிக்கையில் விடக் கூடாது.

வீட்டில் சும்மா வைக்கும்போது ஸ்பிரிங்கை ஏற்றி வைப்பதில்லை. காற்றடைக்கும் மாற்று வளையங்கள் ஒரு ஜோடி அலமாரியில் இருக்கின்றன. சென்ற ஞாயிறு பத்துக் குண்டுக்கு 89. ஒன்பதாவது குண்டு மட்டும் ஏழில் விழுந்தது. சுடும் முன்பே கால் சரியாக ஊன்றவில்லை என்று தெரிந்தது, இறக்கி வைத்திருக்க வேண்டும்.