பல்லு புடுங்க பயப்படுறவங்களுக்கு ஹட்டன் டவுன்ல ஒரு கிளினிக் – நானும் அம்மாவும் போய் வந்த கத

படி ஏறணும், அத மொதல்லயே சொல்லிர்றேன். கீழ பார்மசி, மேல கிளினிக், நடுவுல ஒடுக்கமான சிமெந்து படி, மழ நாள்ல வாறவங்க எல்லாம் ஈரக் கொடைய அங்கயே சாத்தி வச்சிட்டு போறதால வழுக்கும், முழங்கால் வலி உள்ளவங்க கம்பிய நல்லா புடிச்சிட்டு ஏறுங்க. ஹட்டன்ல பல்லு பாக்குற எடம் வேறயும் இருக்கு, இத விட பளபளன்னும் இருக்கு, ஆனா பல்லு புடுங்கணும்னு சொன்ன ஒடனே வயிறு கலங்குற ஆளுங்களுக்குன்னா நான் இத தான் சொல்லுவேன். இந்த டாக்டர் மிஸ் பயத்தயும் ஒரு வருத்தம் மாதிரி கேட்டு கார்டுல எழுதுறாங்க.

என்னோடது கீழ் கடவாப்பல்லு. சூத்தை புடிச்சு பாதி ஒடஞ்சு, மிச்சம் வேர் மட்டும் ஈறுக்குள்ள ஒக்காந்திருந்துச்சு. பனடோல், கராம்பு எண்ணெய், உப்புத்தண்ணின்னு காலத்த ஓட்டுனேன், ஏன்னா சின்ன வயசுல வேற ஒரு ஊர்ல ஒரு எடத்துல ஊசி குத்துன கையோட பல்லு புடுங்குற கொறட்ட எடுத்தாங்க, மருந்து ஏறவே இல்ல, நான் கத்துனதுக்கு சத்தம் போடாதன்னு அதட்டுனாங்க. அதுல இருந்து பல்லு டாக்டர் போர்ட்ட பாத்தாலே ரோட்டுக்கு அந்தப்பக்கம் போயிருவேன். கடைசில கன்னம் வீங்குனதுக்கு அப்புறம் தான் அக்கா இழுத்துட்டு போய் விட்டா.

மொத நாள் புடுங்கவே இல்ல. வீங்கி சீழ் இருக்குற எடத்துல மரக்குற ஊசி சரியா வேல செய்யாதாம், அந்த சதை புளிச்ச மாதிரி ஆகிருக்கும், மருந்து நரம்புக்குள்ள எறங்க கஷ்டப்படும்னு சொன்னாங்க. அப்ப தான் எனக்கு மண்டையில ஒறச்சுச்சு, சின்ன வயசுல எனக்கு அப்பிடி வலிச்சதும் இதனால தான் இருக்கும், அன்னைக்கும் கன்னம் வீங்கித்தான் இருந்துச்சு. என் வீக்கத்துக்கு மருந்து எழுதி வத்துனதுக்கு அப்புறம் வரச்சொன்னாங்க. சில பேருக்கு வீக்கத்தோடயே சீழ எடுத்துவிட வேண்டி வருமாம், அது டாக்டர் பாத்து முடிவு பண்ணுறது, நம்மளா மருந்து கடையில போய் ஆன்டிபயோட்டிக் வாங்கி முழுங்குறது இல்ல.

டாக்டர் சிங்களவங்க, பேராதனையில படிச்சவங்க, தமிழ் மெதுவா பேசுவாங்க ஆனா வெளங்கும். வெளங்காத எடத்துக்கு டிக்கோயா பக்கத்து நர்ஸ் தங்கச்சி ஒன்னு இருக்கு, அது சொல்லித்தரும். வீக்கம் வத்தி திரும்பி போன நாள் கதிரைல ஒக்காந்ததும் டாக்டர் கேட்ட மொத கேள்வி, “எதுக்கு பயம்? ஊசியா, வலியா, சத்தமா, ரத்தமா?” நான் எல்லாத்துக்கும்னு சொன்னேன். சிரிச்சிட்டு “மொதல்ல எது?”ன்னாங்க. ஊசின்னேன். கார்டுல எழுதிக்கிட்டாங்க. சும்மா எழுதுறாங்கன்னு நெனச்சேன், ஆனா அதுக்கப்புறம் செஞ்சது எல்லாம் அந்த ஊசிய வச்சு தான். பஞ்சுல ஏதோ ஜெல் தொட்டு ஈறுல வச்சு கொஞ்ச நேரம் விட்டாங்க, வாழப்பழ எசன்ஸ் மாதிரி ஒரு வாசம், நாக்குல பட்டா லேசா கசக்கும். அப்புறம் ஊசிய என் கண்ணுக்கு முன்னால கொண்டு வராம நாடிக்கு கீழால கொண்டுவந்து, மத்த கையால கன்னத்த புடிச்சு ஆட்டிக்கிட்டே குத்துனாங்க, கன்னம் ஆடுற ஆட்டத்துல ஊசி எப்ப எறங்குச்சுன்னு சரியா தெரியல. மருந்த ரொம்ப மெதுவா தான் விட்டாங்க, வேகமா விட்டா தான் சதை இழுத்து வலிக்குமாம். வலிக்கவே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன், எறும்பு கடிச்ச அளவுக்கு இருந்துச்சு.

இதுல இன்னொன்னு, இத யாரும் முன்னாடி எனக்கு சொன்னதில்ல. ஊசி போட்டதும் நெஞ்சு படபடன்னு அடிக்கலாம், அது அந்த மருந்தோட கலந்திருக்குற அட்ரினலின், கொஞ்ச நேரத்துல அடங்கிரும், பயப்படாதீங்கன்னு முன்கூட்டியே சொல்லிட்டாங்க. சொன்ன மாதிரியே அடிச்சுது. சொல்லாம விட்டிருந்தா எனக்கு ஹார்ட் அட்டேக் தான்னு எந்திரிச்சு ஓடிருப்பேன், நெசமா. மருந்து லிக்னோகெய்ன், 1943ல சுவீடன்ல உண்டாக்குனதாம், முந்துன நாள் ராத்திரி தூக்கம் வராம போன்ல தேடி படிச்சேன். பல்லு புடுங்குறதுக்கு முந்துன ராத்திரி போன்ல தேடாதீங்க, இந்த ஒரு வெசயம் தவிர மத்ததெல்லாம் பயமுறுத்துற வீடியோ.

அப்புறம் காத்திருந்தாங்க. ஒதடு பாதி, நாக்கு பாதி மரத்துப்போச்சு, தொட்டா ஒதடு இட்லி மாதிரி வீங்குன ஒணர்ச்சி, கண்ணாடில பாத்தா ஒன்னும் இல்ல. கூரா ஒரு கம்பிய வச்சு ஈற குத்தி குத்தி பாத்து, தெரியுதா தெரியுதான்னு கேட்டு, தெரியலன்னு நான் சொன்னதுக்கு அப்புறம் தான் மத்த சாமான எடுத்தாங்க. அப்ப டாக்டர் சொன்னது தான் இந்த கிளினிக்ல நான் கேட்டதுலயே ஒபயோகமானது. “வலி தெரியாது. அமுக்குறது தெரியும், சத்தம் கேக்கும். அமுக்குறத வலின்னு நெனைக்க வேணாம். வலின்னா இடது கைய தூக்குங்க, நான் நிப்பாட்டுவேன்.” வலிய கொண்டுபோற மெல்லிசான நரம்ப அந்த மருந்து சுலபமா அடக்கிரும், அமுக்குறத சொல்ற தடிச்ச நரம்பு முழுசா அடங்காதாம். நான் அது வரைக்கும் மரத்துப்போனா ஒன்னுமே தெரியாதுன்னு தான் நெனச்சிட்டு இருந்தேன், அப்பிடி நெனச்சிட்டு போறவனுக்கு மொத அழுத்து விழும்போதே ஐயோ மருந்து ஏறலன்னு ஒடம்பு தூக்கி போடும்.

பாதில நான் கைய தூக்குனேன். வலிக்கல, நெசமாவே நிப்பாட்டுவாங்களான்னு பாக்க தான் தூக்குனேன். ஒடனே கொறட்ட வெளிய எடுத்துட்டாங்க. “வலியா?” தல ஆட்டுனேன், இல்லன்னு. “சரி, இப்ப பாத்தாச்சு தானே”ன்னு சிரிச்சாங்க. அதுக்கப்புறம் கைய கதிரையோட வச்சவன் தான், தூக்கவே இல்ல. வேர் ரெண்டா இருந்ததால நடுவுல மெஷினால பிரிச்சு தனித்தனியா எடுத்தாங்க, அதயும் மெஷின போடுறதுக்கு முன்னாடி சொன்னாங்க, தண்ணி தெறிக்கும், ரோட்டு போடுற மாதிரி சத்தம் வரும்னு. நர்ஸ் தங்கச்சி காதோரமா நின்னு “மூக்கால மூச்சு எடுங்கண்ணே, மெதுவா விடுங்க, செருப்புக்குள்ள கால் வெரல ஆட்டுங்க”ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. கால் வெரல ஆட்டுறது பைத்தியக்கார வேலையா தெரியும், ஆனா புத்தி அங்க போயிருது. கறக்குனு ஒரு சத்தம், பஞ்ச வச்சு கடிக்க சொல்லிட்டாங்க, முடிஞ்சுது.

பசியோட போகாதீங்க. இது பெரிய ஆஸ்பத்திரில மயக்கம் குடுத்து செய்யுற ஆபரேஷன் இல்ல, அந்த எடத்த மட்டும் மரக்க வைக்குறது, அதனால சாப்பிட்டு தான் வரணும். எனக்கு முன்னால ஒரு பொடியன் காலைல இருந்து ஒன்னும் சாப்பிடாம வந்து மூஞ்சி வெளுத்து ஒக்காந்திருந்தான், நர்ஸ் அவன கீழ அனுப்பி பனிஸும் பிளேன்டீயும் சாப்பிட வச்சு தான் உள்ள எடுத்துச்சு. வெறும் வயிறு, அதோட பயம், ரெண்டும் சேந்தா கதிரைலயே மயங்கி விழுவாங்களாம்.

எனக்கு நல்லா முடிஞ்சதால தைரியமா அம்மாவ கூட்டிட்டு போனேன். அம்மா தோட்டத்துல தேயில கொழுந்து எடுத்து பென்ஷன் போனவங்க, வெத்தல போடாம இருக்க ஏலாது, பிரஷருக்கு மாத்திர குடிக்கிறாங்க, மேல் பல்லு ஒன்னு ஆடிக்கிட்டு கெடந்துச்சு. அம்மாவுக்கு ஊசி பயம் கெடையாது, அட்டை கடிச்சு கடிச்சு பழகுன கால். அவங்க பயம் வேற. மேல் பல்லு புடுங்குனா கண்ணு பார்வ போயிரும். லயத்துல யாரோ ஒரு பெரியவருக்கு அப்பிடி போச்சாம், அது கண்ணுல பூ விழுந்ததான்னு யாரு கண்டா. டாக்டர் கிட்ட நேராவே கேட்டாங்க, “மிஸ், கண்ணு போயிராது தானே?”

டாக்டர் பல்லோட நரம்பு வேற, பார்வைக்கு உள்ள நரம்பு வேறன்னு சொல்லி பாத்தாங்க, அம்மா அசையல. அப்புறம், “அம்மா, நோர்வூட் ரோட்ட மூடுனா தலவாக்கல பஸ் நிக்குமா?”ன்னு கேட்டாங்க, அது ரெண்டும் ஹட்டன்ல இருந்து வேற வேற பக்கம் போற ரோடு. அம்மா கொஞ்சம் யோசிச்சிட்டு, “நிக்காது தான் மிஸ், ஆனா ரெண்டு பஸ்ஸும் ஹட்டன் ஸ்டேண்டுல தானே நிக்குது”ன்னாங்க. நர்ஸ் தங்கச்சி அத சிங்களத்துல சொல்ல ஏலாம சிரிச்சு சிரிச்சு, கடைசில டாக்டருக்கு வெளங்கி அவங்களும் சிரிச்சு, அந்த சிரிப்புல அம்மா வாயத் தொறந்துட்டாங்க.

ஆனா அன்னைக்கு புடுங்கல. பிரஷர் பாத்தா மேல் கணக்கு 180 தாண்டி இருந்துச்சு, பல்லு புடுங்குற நாள்ல வேற மாத்திர குடிக்க கூடாதுன்னு அம்மாவா முடிவு பண்ணி காலை மாத்திரைய விட்டுட்டாங்க. டாக்டர் திருப்பி அனுப்பி, கிளினிக் கொப்பிய கொண்டுபோய் ஆஸ்பத்திரில காட்டி சரி பண்ணிட்டு வாங்கன்னாங்க. பஸ் காசும் போச்சு, நம்பரும் போச்சு, அம்மாவுக்கு கோவம், ஆனா டாக்டர் செஞ்சது சரி, வேற எடமா இருந்தா பாக்காமயே புடுங்கிருப்பாங்க. பிரஷர் மாத்திரைய நிப்பாட்டாம வழக்கம் போல குடிச்சிட்டு போங்க. ரத்தம் எளக்குற மாத்திர குடிக்கிறவங்க முன்னாடியே டாக்டருக்கு சொல்லுங்க, அதயும் நம்மளா நிப்பாட்டிர கூடாது. அடுத்த தடவ காலைல மொத நம்பர் குடுத்தாங்க, காத்திருக்க காத்திருக்க தான் பிரஷர் ஏறுதுன்னு. பல்லு வந்ததே அம்மாவுக்கு தெரியல, “இன்னும் புடுங்கலையா மிஸ்”னு கேட்டாங்க.

இப்ப கொறைகள். காத்திருக்குற எடமும் உள் ரூமும் ஒரு பலகை தட்டி தான் பிரிக்குது, மெஷின் சத்தமும் புள்ளைங்க அழுற சத்தமும் அப்பிடியே கேக்கும், பயந்தவங்கள இவ்வளவு நல்லா பாக்குற கிளினிக் இத எப்பிடி விட்டு வச்சிருக்குன்னு தெரியல. டிவிய சத்தமா போட்டு சமாளிக்கிறாங்க, அதுல எப்பவும் நாடகத்துல யாராவது அழுதுகிட்டு தான் இருக்காங்க. காதுல மாட்டுற ஹெட்போன் கொண்டுபோங்க. ரெண்டாவது, புடுங்குனதுக்கு அப்புறம் என்ன செய்யணும்னு குடுக்குற பேப்பர் துண்டு சிங்களத்துலயும் இங்கிலீஷ்லயும் மட்டும் தான் அடிச்சிருக்கு. வாறவங்கள்ல பாதிக்கு மேல தோட்டத்து ஆளுங்க, தமிழ்ல அடிக்க என்ன செலவு? சொல்லிட்டு வந்தேன், பாப்போம்.

அது வரைக்கும் நான் கேட்டு வச்சத எழுதுறேன். பஞ்ச அர மணித்தியாலத்துக்கு மேல இறுக்கி கடிச்சிருக்கணும், எடுத்து எடுத்து பாக்க கூடாது. அன்னைக்கு பூரா கொப்பளிக்கவோ காறி துப்பவோ கூடாது, ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சவும் கூடாது, குழியில ஒறையுற ரத்தம் தான் அதுக்கு மூடி, அது கழண்டா மூனாம் நாள் மாதிரி காதுக்குள்ள எல்லாம் இழுத்து வலி எடுக்கும். உப்புத்தண்ணி அடுத்த நாள்ல இருந்து தான், அதுவும் சும்மா வாயில வச்சு சாய்ச்சு விடணும். மரப்பு போற வரைக்கும் சாப்பிட கூடாது, ஒதட்ட கடிச்சுக்குவோம், சின்ன புள்ளைங்கள பாத்துக்கணும். சூடா ஒன்னும் குடிக்க கூடாது. இது தான் எனக்கு பெரிய தண்டன, ஹட்டன் குளிர்ல ஆறுன பிளேன்டீ குடிச்சவங்களுக்கு தான் தெரியும். வலிக்கு பனடோல் போதும், அஸ்பிரின் குடிச்சா ரத்தம் நிக்க லேட்டாகும், அத ஈறுல வச்சா சதை வெந்துரும். வெத்தல, பொகையில, சிகரெட் கூடவே கூடாது. அம்மாவுக்கு புண்ணு ஆறுற வரைக்கும் வெத்தல பைய அக்கா வீட்டுல ஒளிச்சு வச்சோம், வாய் முழுக்க டோர்ச் அடிச்சு பாத்த டாக்டர் வெள்ளையா எதும் தழும்பு வந்தா காட்டணும்னு வேற சொல்லி அனுப்பிருக்காங்க, நம்ம இலங்கைல ஆம்பளைங்களுக்கு வாற கேன்சர்ல வாய் கேன்சர் தான் மொத எடம்னும் சொன்னாங்க.

சல்லி எனக்கு 3,500 ரூவா எடுத்தாங்க, எக்ஸ்ரே தனி, அம்மாவோட ஆடுற பல்லுக்கு அத விட கொறைவு, திருப்பி அனுப்புன நாளுக்கு ஒன்னும் எடுக்கல. அரசாங்க ஆஸ்பத்திரில சல்லி இல்லாம செய்யலாம், பயம் இல்லாதவங்க அங்கயே போங்க, எதுக்கு வீணா செலவழிக்கணும். அஞ்சுக்கு நாலு ஸ்டார், அந்த ஒன்னு பலகை தட்டிக்கும் துண்டுக்கும் கொறச்சது.

மஸ்கெலியா, பொகவந்தலாவ பக்கம் இருந்து வாறவங்க போன் பண்ணி காலை நம்பரா கேளுங்க. சிவனொளிபாதமலை யாத்திர சீசன் நாள்ல சனி ஞாயிறு வேணவே வேணாம், டவுனே அடைச்சிரும். சாயந்தரம் டாக்டர் வர லேட்டாகும், கடைசி பஸ்ஸ விட்டா த்ரீவீலுக்கு குடுக்குற சல்லில இன்னொரு பல்லு புடுங்கிட்டு வரலாம்.