சால்னா கறையில இருந்து வீல் வரைக்கும் ஒரே கேன், ஒரு வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

கார் க்ளீன் பண்ற சாமான் வாங்க கடைக்கு போனா டேஷ்போர்டுக்கு ஒண்ணு, சீட்டுக்கு ஒண்ணு, டோர் பேடுக்கு ஒண்ணு, வீலுக்கு ஒண்ணு, இஞ்சினுக்கு ஒண்ணுன்னு வரிசையா எடுத்து வைப்பாங்க. நானும் அம்புட்டையும் வாங்கி டிக்கில ஒரு பை நிறைய வச்சிருந்தேன், பாதி பாட்டில் வெயில்லயே கிடந்து வீணா போச்சு. இப்ப என்கிட்ட இருக்கது மூணே சாமான் தான், ஆல் பர்ப்பஸ் கிளீனர் ஒண்ணு, கார் ஷாம்பு ஒண்ணு, நல்ல மைக்ரோஃபைபர் துணி ஏழெட்டு. வீடு ஒத்தக்கடை பக்கம், வாசல்ல வேப்பமரம், கார் வெள்ளை, சீட்டு வெளிர் கலர் துணி சீட்டு. இதுல அழுக்கு எப்படி தெரியும்னு நான் சொல்லவே வேணாம்.

ஆல் பர்ப்பஸ் கிளீனர்ல நான் வாங்குனது மெக்வயர்ஸ் கம்பெனியோட டி 101. ஒரு கேலன் கேன், அதாவது கிட்டத்தட்ட 3.8 லிட்டர். ஒரு காருக்கு இது ரொம்ப அதிகம்னு மச்சானும் எதுத்த வீட்டு அண்ணனும் நானும் சேர்ந்து வாங்கி ஆளுக்கு ஒண்ணேகால் லிட்டர் பிரிச்சுக்கிட்டோம். இத அப்படியே ஊத்தி யூஸ் பண்ணக்கூடாது, கெட்டியா இருக்கது, தண்ணி கலக்கணும். லேசான அழுக்குக்கு ஒரு பங்குக்கு பத்து பங்கு தண்ணி, ஊறிப்போன அழுக்குக்கு ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணி. அரை லிட்டர் ஸ்ப்ரே பாட்டிலுக்கு கணக்கு போட்டா முதல்ல சொன்னதுக்கு 45 மில்லி, ரெண்டாவதுக்கு 100 மில்லி கிளீனர் ஊத்தி மிச்சத்துக்கு தண்ணி. குழந்தைக்கு மருந்து குடுக்குற மூடி இருந்தா அதுலயே அளந்துக்கலாம், அப்புறம் அத மருந்துக்கு திரும்ப எடுக்காதீங்க. ரெண்டு பாட்டில்லயும் மார்க்கர்ல உள்ள, வெளியனு எழுதிட்டேன். ஆல் பர்ப்பஸ்னு பேர் வச்சாலும் எல்லா இடத்துக்கும் ஒரே பலத்துல அடிக்கக்கூடாது, தண்ணி அளவுல தான் விஷயமே இருக்கு.

நிஜமான டெஸ்ட் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி நடந்துச்சு. பரோட்டா பார்சல் வாங்கிட்டு வர்றோம், பின் சீட்டுல அத்தை மடியில பை, ஸ்பீட் பிரேக்கர்ல ஒரு குலுங்கு குலுங்கவும் சால்னா கவர் முடிச்சு அவுந்து சீட்டுல ஒரு சாண் அகலத்துக்கு கொட்டிருச்சு. எண்ணெய், மஞ்சள், மிளகாப்பொடி எல்லாம் சேர்ந்த கறை. மொதல்ல தேய்க்கவே இல்ல, தேய்ச்சா உள்ள தான் இறங்கும், காஞ்ச துணிய வச்சு அமுக்கி அமுக்கி ஒத்தி எடுத்தேன். அப்புறம் பத்துக்கு ஒண்ணு கலந்தத துணியில அடிச்சு ஓரத்துல இருந்து நடுவுக்கு துடைச்சேன், ரெண்டு நிமிஷத்துல கறை செக்கச்செவேல்னு ஆயிருச்சு. எனக்கு பக்குனு ஆயிருச்சு, சீட்டே போச்சுன்னு நினைச்சேன். அத்தை தான் எட்டி பாத்துட்டு, என்ன மாப்ள, ஆரத்தி தண்ணி மாதிரில்ல இருக்குன்னாங்க. அதே தான் விஷயம்! ஆரத்திக்கு மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா சிவக்குதுல்ல, இந்த கிளீனரும் சுண்ணாம்பு மாதிரி காரத்தன்மை உள்ளது, அதான் சால்னால இருந்த மஞ்சள சிவப்பாக்கிருச்சு. வெறும் தண்ணியில நனைச்சு பிழிஞ்ச துணியால மூணு தடவ ஒத்தி எடுக்கவும் சிவப்பு இறங்கி பழைய மஞ்சளா வந்துருச்சு, எண்ணெய் பிசுக்கு சுத்தமா போயிருச்சு, வாடையும் இல்ல. மிச்சம் இருந்த லேசான மஞ்சளுக்கு நான் எதுவுமே போடல. மஞ்சள் கலர் வெயில் பட்டா வெளுத்துரும், வேட்டியில பட்ட கறை கொடியில காயக்காய மங்குமே அது மாதிரி. கறை பட்ட பக்கம் வெயில் விழுற மாதிரி நாலு நாள் வண்டிய திருப்பி நிப்பாட்டுனேன், இப்ப எந்த இடம்னு நானே தேடணும்.

உள்ளுக்குள்ள டோர் பேடு, சீட் பெல்ட், கால் மிதிக்கிற பிளாஸ்டிக், ஸ்டீயரிங்ல கை படுற பிசுக்கு, ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம் குங்குமம் எல்லாத்துக்கும் இதே பாட்டில் தான். நேரா அடிக்காம துணியில அடிச்சு துடைங்க, பட்டன் இடுக்குல தண்ணி போகாது, கடைசியா ஒரு ஈரத்துணி போடுங்க. முன்னாடி ஒரு டேஷ்போர்டு பாலிஷ் வச்சிருந்தேன், கம்பெனி பேர் வேணாம். போட்ட அன்னைக்கு பளபளன்னு இருக்கும், மறுநாளே எண்ணெய் தடவுன மாதிரி புழுதி அப்பிக்கும், மத்தியான வெயில்ல திருமங்கலம் ரோட்டுல போறப்ப அந்த பளபளப்பு முன் கண்ணாடியில அடிச்சு ரோடே மங்கலா தெரியும், அது ஆபத்துங்க. அந்த பாலிஷ எடுத்ததும் இதே கிளீனர் தான், ரெண்டே துடைப்பு.

வெளிய நாலுக்கு ஒண்ணு கலந்தது வீலுக்கும் டயருக்கும். டயர்ல அடிச்சு பிரஷ் போட்டா பழுப்பா வழியும் பாருங்க, மனசுக்கே நல்லா இருக்கும். வெயில்ல பண்ணாதீங்க, வீல் சூடா இருந்தாலும் பண்ணாதீங்க, காயுறதுக்குள்ள தண்ணி அடிச்சு கழுவிரணும், இல்லன்னா திட்டு விழும். கதவு கீல் இடுக்கு, பெட்ரோல் மூடி உள்பக்கம், இதெல்லாம் வாட்டர் வாஷ்ல பாக்க மாட்டாங்க, அதுக்கும் இது தான்.

ஆனா பெயிண்டுக்கு இத வாராவாரம் அடிக்காதீங்க, பெயிண்டுக்கு பாதுகாப்பா மேல போட்ட வேக்ஸ, அதான் அந்த மெழுகு பூச்ச, உரிச்சிரும். அதுக்கு பிஹெச் நியூட்ரல்னு, அதாவது காரமும் இல்லாம அமிலமும் இல்லாம இருக்குன்னு போட்ட கார் ஷாம்பு ஒண்ணு போதும். பாத்திரம் விளக்குற லிக்விட் வேணவே வேணாம், எண்ணெய எடுக்கவே செஞ்சது அது, வேக்ஸையும் சேர்த்து எடுத்துரும். பக்கெட் ரெண்டு வச்சுக்கங்க, ஒண்ணுல ஷாம்பு, இன்னொண்ணுல துணி அலச வெறும் தண்ணி. காக்கா எச்சத்த சுரண்டாதீங்க, ஈரத்துணிய மேல போட்டு ஊறவிட்டு எடுங்க. தாருக்கு இந்த மூணு சாமான்ல எதுவும் கேக்காது, தனியா டார் ரிமூவர் தான்.

நம்ம பக்கம் பெரிய தொல்லை போர் தண்ணி. என்ன ஷாம்பு போட்டாலும் காஞ்சதும் வெள்ளை வெள்ளையா உப்பு பொட்டு நிக்கும். அதனால பாதி பாதியா கழுவி உடனே துடைச்சிரணும். நிறைய பேர் ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய வர்ற தண்ணிய பிடிச்சு வச்சு கார் கழுவுறாங்க, பாவம், அதுல சாதா தண்ணிய விட உப்பு ஜாஸ்தி. ஏசில சொட்டுற தண்ணிய பிடிங்க, அதுல உப்பு கிட்டத்தட்ட கிடையாது, துணியில வடிகட்டி கிளீனர் கலக்கவும் கடைசியா துடைக்கவும் நான் அதத்தான் வச்சிருக்கேன்.

டச் ஸ்கிரீனுக்கு கிளீனரே வேணாம், லேசா நனைச்ச மைக்ரோஃபைபர் போதும். ஃபிலிம் ஒட்டுன கண்ணாடிக்கு அமோனியா கலந்த வீட்டு கிளீனர் அடிச்சா ஃபிலிம் கெட்டுரும். லெதர் சீட்டுனா எனக்கு அனுபவம் இல்ல, அதுக்குன்னு விக்கிறதயே வாங்குங்க.

காச கிளீனர்ல மிச்சம் பிடிச்சு துணியில போடுங்க. ஜிஎஸ்எம்னு போட்டிருக்கும், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்னு அர்த்தம், கூடக்கூட துணி கனமா இருக்கும். உள்ளுக்கு 300, 400 ஜிஎஸ்எம் போதும், வெளிய ஈரம் ஒத்த 800க்கு மேல. வீலுக்கு எடுத்த துணி பெயிண்ட் பக்கமே வரக்கூடாது, அதனால கலர் கலரா வாங்கிருக்கேன், வீலுக்கு கருப்பு. துவைக்கிறப்ப வாசனைக்கு போடுற கண்டிஷனர் போட்டா அப்புறம் தண்ணிய உறிஞ்சாது.

ஒரு வருஷம் ஆச்சு, என் பங்கு ஒண்ணேகால் லிட்டர்ல இன்னும் கால்வாசி கிடக்கு. மச்சான் மட்டும் அளக்காம ஊத்தி ஏழு மாசத்துல முடிச்சிட்டாரு, அடுத்த கேனுக்கு இப்பவே பங்குக்கு ஆள் தேடிட்டு இருக்காரு.