பிரவுசரின் சொந்தப் படிவச் சரிபார்ப்பு: ஆறு வருடப் பயன்பாட்டுக்குப் பின்

ஆறு வருடங்களுக்கு முன்பு எங்கள் விண்ணப்பப் படிவத்தில் இருந்த சரிபார்ப்பு லைப்ரரியை எடுத்துவிட்டு, பிரவுசரே தரும் சரிபார்ப்புக்கு மாறினேன். ரிக்வயர்டு (கட்டாயம்), பேட்டர்ன் (எழுத்து வடிவ விதி), மின்லென்த் (குறைந்தபட்ச நீளம்), டைப்-ஈமெயில் (மின்னஞ்சல் வகை) என்று ஹெச்டிஎம்எல்லில் எழுதிவிட்டால் போதும், ஜாவாஸ்கிரிப்டே வேண்டாம் என்று நம்பினேன். இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் பாதியை மட்டும்.

முதலில் தொந்தரவு கொடுத்தது பிழையைக் காட்டும் அந்தக் குமிழி. அது பிரவுசரின் மொழியில் பேசும், பக்கத்தின் மொழியில் பேசாது. படிவம் முழுக்கத் தமிழ், பிழைச்செய்தி மட்டும் ஆங்கிலம். ஒரு நேரத்தில் ஒரு பிழையைத்தான் காட்டும். சில வினாடிகளில் மறைந்தும் போகும். மெதுவாகப் படிப்பவர் பாதியில் இருக்கும்போதே போய்விடும். அதன் நிறத்தையோ எழுத்தளவையோ நாம் மாற்றவும் முடியாது.

செய்தியை மாற்ற செட்கஸ்டம்வேலிடிட்டி இருக்கிறதே என்று அதைப் பிடித்தேன். இரண்டு கடவுச்சொற்களும் பொருந்தாவிட்டால் நம் செய்தியை அதில் வைக்கலாம். பொருந்திய பிறகு எழுத்தே இல்லாத வெற்றுச் சரத்தைக் கொடுத்து அதை அழிக்க வேண்டும், நான் அழிக்கவில்லை. பயனர் சரியாகத் திருத்திய பிறகும் படிவம் போகவே இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டு நாளில் திரும்பிப் போனவர்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

கடைசியில் நின்ற வழி இது: படிவத்தில் நோவேலிடேட் சேர்த்தால் குமிழி வராது, அனுப்புவதையும் பிரவுசர் தடுக்காது. ஆனால் ஒவ்வொரு பெட்டியும் சரியா தவறா என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். வேலிடிட்டி என்ற பொருளைக் கேட்டால் காலியா, வடிவம் தவறா, நீளம் குறைவா என்று தனித்தனியாகச் சொல்லும். அதை வாங்கி, பெட்டிக்குக் கீழே நானே தமிழில் செய்தி எழுதுகிறேன். நோவேலிடேட்டை ஹெச்டிஎம்எல்லில் எழுதாமல் ஸ்கிரிப்ட் மூலம் சேர்ப்பது நல்லது. ஸ்கிரிப்ட் இறங்காத நாளில் பழைய குமிழியாவது காப்பாற்றும்.

எப்போது காட்டுவது என்பதில் நிறையத் தவறியிருக்கிறேன். ஒவ்வொரு எழுத்துக்கும் சோதித்தால், மின்னஞ்சலின் முதல் எழுத்தை அடித்தவுடனே சிவப்பு வந்து நிற்கும். பேச வாயெடுத்தவரை மறிப்பது போன்றது அது. இப்போது பெட்டியை விட்டு வெளியேறும்போது சோதிக்கிறேன். பிழை காட்டிய பெட்டியில் மட்டும் தட்டத் தட்டச் சோதித்து, சரியானவுடன் செய்தியை எடுத்துவிடுகிறேன். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில், தவறான பெட்டிகளைத் தேர்ந்தெடுக்கும் பழைய இன்வேலிட் தேர்வி, பக்கம் திறந்ததுமே காலியான கட்டாயப் பெட்டிகளையெல்லாம் சிவப்பாக்கிவிடும். 2023க்குள் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்ட யூசர்-இன்வேலிட், பயனர் தொட்ட பிறகே விழித்துக்கொள்கிறது. அதற்காக எழுதி வைத்திருந்த நாற்பது வரிகளை அன்றே அழித்தேன்.

பெயர்ப் பெட்டிதான் எனக்குப் பெரிய பாடம். முதலில் ஆங்கில எழுத்துகளை மட்டும் ஏற்கும் பேட்டர்ன். தமிழில் பெயர் எழுதியவரிடம் ‘சரியான பெயரை உள்ளிடவும்’ என்றது என் படிவம். ஒருவருடைய பெயரைத் தவறு என்று சொல்ல நான் யார்? எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடின் ‘எழுத்து’ வகைக்கு மாற்றினேன், அப்போதும் ஏற்கவில்லை. புள்ளியும் கால், கொம்பு போன்ற உயிர்க்குறிகளும் யூனிகோடில் எழுத்து வகையில் வராது, ‘குறி’ என்ற தனி வகை. அதையும் சேர்க்க வேண்டும். நீளக் கணக்கும் இப்படித்தான். ‘கார்த்திகா’ நமக்கு ஐந்து எழுத்து, அதிகபட்ச நீளத்தை வைக்கும் மேக்ஸ்லென்த்துக்குப் பத்து. இருபது என்று வைத்த எல்லை, தமிழில் பத்தெழுத்துப் பெயருக்கே நெருக்கடி. இப்போது பெயருக்குப் பேட்டர்னே வைப்பதில்லை. வெற்றிடம் மட்டும் இல்லாமல் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். அதை நாமேதான் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே ஒரு ஸ்பேஸ் தட்டினாலும் ரிக்வயர்டு திருப்தியாகிவிடும்.

டைப்-நம்பர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணிக்கைக்கு மட்டும் வையுங்கள். தொலைபேசி எண்ணுக்கும் ஓடிபிக்கும் சாதாரண உரைப்பெட்டியோடு இன்புட்மோட்-நியூமெரிக் போதும்.

சர்வரில் மறுபடி சோதிக்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள், யாரோ விஷமம் செய்வதைத் தடுக்க என்று. எனக்கு அது கைகொடுத்தது வேறு விதத்தில். ஒரு பேட்டர்னில் சதுர அடைப்புக்குள் கடைசியில் ஒரு ஹைஃபன் வைத்திருந்தேன். பிரவுசர்கள் பேட்டர்னைப் புதிய, கடுமையான விதியில் படிக்கத் தொடங்கியபோது, பின்சாய்கோடு இல்லாத அந்த ஹைஃபன் பிழையானது. பிழையான பேட்டர்னைப் பிரவுசர் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். நிரல் எழுதுபவர் பார்க்கும் கன்சோலில் மட்டும் ஒரு வரி. எல்லா உள்ளீடும் சரி என்று கடந்துபோனது. சர்வர் பிடித்துத் திருப்பி அனுப்பியதால்தான் கவனித்தேன். அப்படித் திருப்பும்போது, கடவுச்சொல் தவிர, தட்டியதெல்லாம் பெட்டிகளில் அப்படியே இருக்க வேண்டும். பதினான்கு பெட்டிகளை இரண்டாம் முறை நிரப்பச் சொல்வதை நான் பிழையாகவே எண்ணுகிறேன்.

மூன்றாம் வருடம் ஒரு பயனர் எழுதினார்: “பட்டனை அழுத்துகிறேன், ஒன்றும் நடக்கவில்லை.” அவர் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரில் கேட்பவர். நான் காட்டியதோ சிவப்பு ஓரமும், அவர் காதுக்கு எட்டாத ஒரு வரியும். பிழையான பெட்டியை அடையாளம் காட்டி, பிழையை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகளும் இணையப் பக்கங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் டபிள்யூகேக் தரத்தின் 3.3.1ஆம் விதி, மிக அடிப்படையான ‘ஏ’ நிலையிலேயே இருக்கிறது. பெட்டியில் பிழை என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்லும் ஏரியா-இன்வேலிட் வைத்து, ஏரியா-டிஸ்கிரைப்ட்பை மூலம் செய்தியைப் பெட்டியோடு இணைத்து, அனுப்பும்போது முதல் பிழையான பெட்டிக்கே ஃபோகஸை நகர்த்தினேன். ஒரு மாலை வேலைதான். செய்தியையும் மாற்றினேன்: ‘தவறான தேதி’ என்பது ‘பிறந்த தேதி இன்றைக்குப் பிந்தியதாக இருக்கிறது, ஆண்டைப் பாருங்கள்’ என்றானது. மறுநாள் அவரிடமிருந்து விண்ணப்பம் முழுமையாக வந்து சேர்ந்தது.