பிள்ளையின் பல்லுக்கு என்று 14,500 ரூபாய் போய்விட்டது, நீங்களும் ஏமாறாதீர்கள்

நேற்றுப் பின்னேரம்தான் ஆஸ்பத்திரியால் வந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை.

மகளுக்கு 7 வயது. கீழ்ப்பக்கத்துப் பால் கடைவாய்ப்பல் ஒன்று சூத்தை பிடித்துச் சீழ் வைத்ததால் தை மாதம் பிடுங்கினார்கள். அந்த இடத்தில் வர வேண்டிய பல் 11 வயதளவில்தான் முளைக்குமாம். அதுவரை இடம் வெறுமனே கிடந்தால், பின்னால் முளைத்திருக்கும் பெரிய கடைவாய்ப்பல் முன்னுக்குச் சரிந்து இடத்தைப் பிடித்துவிடும். ஸ்பேஸ் மெயின்டெய்னர், அதாவது அந்த இடத்தைக் காக்கிற கருவி போட வேணும், அச்செடுக்க வாங்கோ என்று டொக்டர் திகதியும் தந்தார். அது அறுவடை நேரம். மல்லாவியிலிருந்து கிளிநொச்சிக்குப் போய்வர ஒரு நாள் போய்விடும். நான் போகவில்லை.

அப்போதுதான் முகநூலில் ஒரு விற்பனைப் பக்கம் கண்ணில் பட்டது. அச்சு வேண்டாம், வாயைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், கருவி வீட்டுக்கே வரும் என்றிருந்தது. சந்தேகம் இருந்தது. ஆனால் அதை விற்ற பெடியன் அனுப்பிய குரல் பதிவில் முதலில் காசைப் பற்றிக் கதைக்கவில்லை. "அக்கா, பிள்ளைக்கு இப்ப நோகுதோ? சாப்பிடுறாவோ?" என்று கேட்டான். சொந்தத் தம்பி மாதிரி இருந்தது அந்தக் குரல். அதில்தான் விழுந்தேன். நெல் விற்ற காசில் 14,500 ரூபாயை அன்றே வங்கியில் போட்டேன்.

பார்சலில் வந்தது நீல நிறத்தில் ஒரு ரப்பர் தட்டு. பிள்ளை வாயில் வைத்ததும் ஓங்காளித்தாள். வாயைத் திறந்தால் கழன்று மடியில் விழுந்தது. கேட்டதற்கு, "பழக வேணும் அக்கா, ரெண்டு கிழமை போடுங்கோ" என்றான். இரண்டு கிழமை கழித்து, "படம் சரியா எடுக்கேல்ல, அது உங்கட பிழை" என்றான். காசைத் திருப்பிக் கேட்டேன். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. அடுத்த நாள் என்னை பிளொக் பண்ணிவிட்டான்.

நேற்று டொக்டர் அந்த ரப்பரைக் கையில் எடுத்து ஒருதரம் வளைத்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். இது இடத்தைக் காக்காது என்றார். உண்மையானது துருப்பிடிக்காத உருக்கு வளையம். பின் பல்லில் பல்லுக்கான சீமெந்தால் ஒட்டுவார்கள், அதிலிருந்து ஒரு கம்பி வளைந்து முன் பல்லைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பொதுவாக அந்தப் பிள்ளையின் வாயில் அச்செடுத்துத்தான் செய்வார்கள். முரசுக்குள்ளே அடுத்த பல் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயும் பார்க்க வேண்டும். மகளின் பின் பல் ஏற்கெனவே கொஞ்சம் சரிந்துவிட்டதாம். 14,500 ரூபாயை விட எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

சரி, அவசரமாகச் சொல்கிறேன். வாயில் அச்செடுக்காமல் தருகிற எதையும் வாங்காதீர்கள். பல் பிடுங்கிய அன்றே, இடம் காக்க வேணுமோ என்று கேளுங்கள்; சில மாதத்திலேயே பல் நகரத் தொடங்கிவிடும். அரச ஆஸ்பத்திரியில் தந்த திகதியைத் தவற விடாதீர்கள். முன்காசு போடாதீர்கள். 14,500 ரூபாய்! அந்தக் குரல் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது.